கார்க்லூஃப் பைன் தோட்டத்தில் மூன்று வகைத் துளைக் காளான்: இதில் எது எடுலிஸ்?

மரிட்ஸ்பர்க் மணி (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில், குவாசுலு-நடாலின் ஹோவிக் தாண்டி கார்க்லூஃப் பக்கம் ஒரு தனியார் பைன் தோட்டம். உரிமையாளரிடம் அனுமதி வாங்கியாயிற்று. பிப்ரவரி கடைசியில் நல்ல மழை. அதன்பிறகு பத்து நாள் போலத் தூறலும் மூடுபனியும். தரை முழுக்க ஊசியிலைச் சருகு, கை வைத்தால் மணிக்கட்டு வரை இறங்குகிறது. குடைக்கு அடியில் இதழ் (மெல்லிய தகடு வரிசை) இல்லாமல் துளை துளையாக இருக்கும் காளான் மூன்று வகை கிடைத்தது. சாப்பிட நல்லதென்று தேடும் எடுலிஸ் (போர்சினி) இதில் இருக்கிறதா என்று தெரிய வேண்டும். படங்கள் இணைத்திருக்கிறேன். பக்கத்தில் இருப்பது 5 ரேண்ட் நாணயம், 26 மி.மீ.

அ: குடை 14 செ.மீ. அகலம், தவிட்டு நிறம், ஓரத்தில் மெல்லிய வெளிர்க்கோடு. ஈரத்தில் பிசுபிசுத்தது, வீட்டில் காய்ந்ததும் பிசுபிசுப்பு இல்லை. துளைப்பகுதி மஞ்சளும் பச்சையும் கலந்த நிறம். தண்டு 11 செ.மீ. உயரம், அடியில் 5 செ.மீ. தடிமன். நெடுக வெட்டினால் சதை வெள்ளை, பத்து நிமிடம் வைத்தும் மாறவில்லை. குடைத்தோலுக்கு நேர் கீழே மட்டும் லேசான சிவப்புச் சாயல். தண்டின் அடியில் புழுத்துளைகள்.

ஆ: குடை 5 முதல் 8 செ.மீ., ஆரஞ்சு கலந்த பழுப்பு. காய்ந்த பிறகும் சருகு ஒட்டிக்கொண்டே இருக்கிறது. துளை வெளிர்மஞ்சள். தண்டின் மேல்பாதியில் மணல் தூவியதுபோல் புள்ளிகள். வளையம் இல்லை. சின்னதில் துளைகளிலிருந்து பால் நிறத் துளி கசிகிறது.

இ: குடை 3 முதல் 4 செ.மீ., இலவங்கப்பட்டை நிறம். துளை செங்கல் சிவப்பு. தண்டின் அடிப்பகுதியைக் கீறினால் பளிச்சென்று மஞ்சள். பக்கத்திலேயே சிவப்புக் குடையில் வெள்ளைப் பொட்டு வைத்த காளான் நிறைய.

கேள்விகள். அ-வை எடுலிஸ் என்று உறுதியாகச் சொல்லலாமா? ஆ, தண்டில் வளையம் உள்ள சுயிலஸ் லூட்டியஸா, வேறா? இ-யின் சிவப்புத் துளை விஷத்தின் அடையாளமா? கடைசியாக ஒன்று: அந்தத் தோட்டத்திலிருந்து 200 மீட்டரில் பழைய யெல்லோவுட் (இந்த நாட்டு மரம்) காடு இருக்கிறது. ஈரம் இன்னும் அதிகம், சருகு இன்னும் நல்லது. அங்கே ஒரு துளைக் காளான்கூட இல்லை. ஏன்?


துளைநோக்கி (ஜோஹன்னஸ்பர்க்)

மணி, அளவும் நிறமும் எழுதிவிட்டீர்கள், அதனால் பாதி வேலை மிச்சம். நிறையப் பேர் மேலிருந்து ஒரு படம் எடுத்துப் போட்டு "இது என்ன" என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

அ, போலீட்டஸ் எடுலிஸ் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் முக்கியமான ஒன்றை நீங்கள் எழுதவில்லை, படத்திலும் மங்கல். தண்டின் மேல் மூன்றில் ஒரு பங்கு, அதாவது துளைப்பகுதி முடிந்து தண்டு தொடங்கும் இடத்திலிருந்து மூன்று நான்கு செ.மீ. கீழே வரை, வலைக்கோடு இருக்கிறதா பாருங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாது. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, பத்து மடங்கு லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். எடுலிஸில் கோடுகள் சற்றே மேடாக, வெள்ளையாக, ஒன்றோடொன்று சேர்ந்து நீள்வாக்கில் கண்ணி கண்ணியாக ஓடும். பின்னணி வெளிர்பழுப்பு, கோடு அதைவிட வெளிர். இந்த இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் கணக்கு. பின்னணி வெளிர், கோடு கறுப்புப் பழுப்பு என்று தலைகீழாக இருந்து, துளையில் ரோஸ் சாயலும் இருந்தால் அது டைலோபிலஸ் ஃபெல்லியஸ் என்ற கசப்புத் துளைக் காளான் பக்கம் போகிறது. விஷம் இல்லை, ஆனால் ஒன்றே ஒன்று சட்டியில் விழுந்தாலும் மொத்தமும் கசந்துவிடும். சந்தேகம் இருந்தால் மிளகு அளவு சதையை நாக்கு நுனியில் வைத்துவிட்டுத் துப்பிவிடலாம். துளை இருக்கும் காளானுக்கு, அதுவும் துளை சிவப்பாக இல்லாததற்கு மட்டும் இந்தச் சோதனை. இதழ்க் காளானை நாக்கில் வைக்கவே கூடாது.

ஈரத்தில் பிசுபிசுத்ததை வைத்து அதைச் சுயிலஸ் (பசைத்தோல் உள்ள துளைக் காளான் வகை) என்று சந்தேகிக்க வேண்டாம். மழையில் எடுலிஸ் குடையும் வழுக்கும். வித்தியாசம் தோலில் இருக்கிறது. குடை ஓரத்தில் நகத்தை வைத்து நடுவை நோக்கி இழுங்கள். சுயிலஸில் பசைத்தோல் நீளமாக உரிந்து வரும். எடுலிஸில் சின்னச் சின்னத் துணுக்காகப் பிய்ந்து நின்றுவிடும்.

துளையின் நிறம் வயதைத்தான் சொல்கிறது. இளசில் வெள்ளை, துளை இருப்பதே தெரியாதபடி அடைத்திருக்கும். பிறகு மஞ்சள், கடைசியில் பச்சை. உங்கள் அ முற்றிவிட்டது. பெயர் கண்டுபிடிக்க நல்ல மாதிரிதான், சமையலுக்கு அவ்வளவாக ஆகாது. தோலுக்குக் கீழே அந்தச் சிவப்புச் சாயலைக் கவனித்தது நல்லது, எடுலிஸில் அது இருக்கும்.

ஆ-வில் வளையம் இல்லை என்பது மட்டும் போதாது. சுயிலஸ் லூட்டியஸின் வளையம் மெல்லிய சவ்வு, முற்றியதில் தண்டோடு ஒட்டிக் காணாமல் போய்விடும். குடை விரியாத பட்டன் பருவத்தில் இருப்பதைத் தேடி எடுங்கள். குடையின் ஓரத்திலிருந்து தண்டு வரை வெள்ளைச் சவ்வு துளையை மூடியிருந்தால் லூட்டியஸ். எந்தப் பருவத்திலும் சவ்வு இல்லை, பால்துளியும் உண்டு என்றால் கிரானுலேட்டஸ். நீங்கள் சொல்லும் துளி அதைத்தான் காட்டுகிறது. தண்டில் உள்ள புள்ளியை விரலால் தேய்த்துப் பாருங்கள், பழுப்புக் கறை ஒட்டும். இது புள்ளி, எடுலிஸில் இருப்பது கோடு. படத்தில் இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு.

இ, கால்சிபோரஸ் பைப்பரேட்டஸ். சின்ன உருவம், துருச்சிவப்புத் துளை, தண்டின் அடியில் மஞ்சள், பக்கத்தில் அமனிட்டா மஸ்காரியா (நீங்கள் சொன்ன சிவப்புக் குடைக் காளான்). வேறு எதுவும் இப்படி ஒன்றாக அமையாது. அமனிட்டா இருக்கும் இடத்தில் இது வருவது தற்செயல் இல்லை. அதன் மேல் ஒட்டுண்ணியாக வாழ்கிறது என்ற சந்தேகம் ஆய்வாளர்களுக்கு உண்டு. காரம் தாங்காது, கூடையில் போட வேண்டாம்.

நீலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை, அடுத்த ஆள் கட்டாயம் கேட்பார். சில போலீட்களை (துளைக் காளான்களை) வெட்டினால் நொடியில் நீலமாகும். வேரியகேட்டிக் அமிலம், செரோகோமிக் அமிலம் என்ற மஞ்சள் நிறமிகள் காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைவதால் வரும் நிறம் அது. நீலமாவது விஷத்தின் அடையாளம் இல்லை, நீலமாகாதது நல்லதன் அடையாளமும் இல்லை. துளை சிவப்பு, வெட்டினால் நீலம், இரண்டும் சேர்ந்திருந்தால் மட்டும் தொடாமல் விட்டுவிடுங்கள்.


ஊசியிலை (சேபி)

நான்காவது கேள்விக்கு வர்றேன். அதுதான் இந்த இழையிலேயே நல்ல கேள்வி.

எடுலிஸ், சுயிலஸ் எல்லாம் மரத்தோட வேரோடு சேர்ந்து வாழுற பூஞ்சை. வேர்நுனியை உறை மாதிரி மூடிக்கிட்டு, மண்ணுல இருந்து தண்ணி, பாஸ்பரஸ், நைட்ரஜன் எடுத்துக் குடுக்கும், மரம் சர்க்கரை குடுக்கும். எல்லா மரமும் இந்த வகைப் பூஞ்சையோட சேராது. பைன், ஓக், பீச், பாப்ளர், யூக்கலிப்டஸ் சேரும். யெல்லோவுட் சேராது. அது வேரோட உள்செல்லுக்குள்ளேயே குடியிருக்கிற வேறு வகைப் பூஞ்சையைத்தான் வெச்சிருக்கு, அந்த வகை குடைக்காளான் விடாது. உங்க ஊர் மூடுபனிக் காடு எவ்வளவு ஈரமா இருந்தாலும் அங்க எடுலிஸுக்குச் சோறு போட ஆள் இல்லை.

பைன் இந்த நாட்டு மரமே இல்லை. மெக்சிகோவுல இருந்து பாட்டுலா, அமெரிக்காவோட தென்கிழக்குல இருந்து எலியாட்டியும் டீடாவும், கலிஃபோர்னியாவுல இருந்து ரேடியாட்டா. இந்த மரங்களோட கூட்டாளிப் பூஞ்சை இங்க மண்ணுல கிடையாது. நாற்றோட வேர்மண்ணுல வந்ததுதான். கூட்டாளி இல்லாத மண்ணுல பைன் நாற்று மஞ்சளாகி நின்னுரும். அதனாலதான் அந்தக் காலத்து நாற்றங்கால்ல பழைய பைன் தோப்பு மண்ணைக் கொஞ்சம் கலந்து வெப்பாங்க. இன்னைக்கு நீங்க பறிக்கிற எடுலிஸ் அப்படிக் குடியேறினதோட வாரிசு.

எந்த மரம்னு நீங்க எழுதலை. கொத்துக்கு எத்தனை ஊசின்னு எண்ணுங்க. மூணு ஊசி, ரொம்ப மெலிசு, 15-லிருந்து 25 செ.மீ., தொங்கிக்கிட்டு இருக்கும், மேல்மரத்துப் பட்டை ஆரஞ்சு நிறத்துல காகிதமா உரியும்னா பாட்டுலா. ரெண்டும் மூணும் கலந்து, விறைப்பா, கரும்பச்சைன்னா எலியாட்டி. கேப் பக்கம் ரெண்டு ஊசி, தடிமனா இருந்தா பினாஸ்டர். மூணு ஊசி, 8-லிருந்து 15 செ.மீ.ன்னா ரேடியாட்டா. இப்போ புதுசா நடுறதுல பாட்டுலா, டெகுனுமானி கலப்பினம் நிறைய. நாற்றங்கால்ல ஃபுசேரியம் சர்சினேட்டம்ங்கிற நோய்ப் பூஞ்சை பாட்டுலாவை ரொம்பப் படுத்துது, அதான் காரணம். அதனால சின்ன மரத்துல ஊசி கொஞ்சம் வித்தியாசமா இருந்தா குழம்ப வேண்டாம்.

இனத்தை விட முக்கியம் தோப்போட வயசு. நட்டு நாலஞ்சு வருஷத்துல சுயிலஸ் வந்துரும். எடுலிஸ் வர்றதுக்கு மரம் முதிரணும், மேல் கிளை ஒண்ணோடொண்ணு சேர்ந்து தரையில நிழல் விழுந்து, சருகு படியணும். ஒரே தோட்டத்துல அ-வும் ஆ-வும் கிடைச்சுதுன்னா ரெண்டும் ஒரே வரிசையிலயா, வேற வேற பிளாக்லயான்னு பாருங்க. பெரும்பாலும் ஆ, ரோட்டோரமும் வெளிச்சம் விழுற இடமுமா இருக்கும். மலைச்சரிவுப் புல்வெளியில தானா முளைச்ச பைன் கன்னு காலடியில பார்த்தாலும் சுயிலஸ்தான் இருக்கும். பைன் புல்வெளியைப் பிடிக்கிறதுக்குத் துணை போறதே அந்தக் கூட்டம்தான்.

தேடுற முறை: கை மணிக்கட்டு வரை இறங்குற சருகுல எடுலிஸ் கண்ணுக்குத் தெரியாது. மேல வந்து தெரியுறது எல்லாம் முற்றினது. சருகு மேடு தட்டியிருக்கிற இடத்தைத் தேடி, விரலால விலக்கிப் பாருங்க. தோண்டிக் கிளறாதீங்க, வேர்நுனி இருக்கிறதே அந்தச் சருகும் மண்ணும் சேருற இடத்துலதான். எடுத்த பிறகு சருகை மூடிருங்க.


யாழ்ப்பூஞ்சை (கேப் டவுன்)

வணக்கம் மணி. துளைநோக்கி சொன்னது சரி, ஆனால் கண்ணால் மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். ஸ்போர் பிரிண்ட், அதாவது காளானிலிருந்து உதிருகிற வித்துத்தூளின் தடம், ஒண்டு எடுங்கோ. குடையைத் தண்டிலிருந்து வெட்டி, துளை கீழ்ப்பக்கமாக, பாதி வெள்ளைத்தாளிலும் பாதி கண்ணாடியிலும் இருக்கிற மாதிரி வையுங்கோ. மேலே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து மூடி 8 முதல் 12 மணித்தியாலம் விட வேணும். எடுலிஸ் எண்டால் ஒலிவ் கலந்த பழுப்பு. அ முற்றினது எண்டபடியால் நிறையத் தூள் விழும், இளசு எண்டால் ஒண்டும் விழாது, அதைப் பார்த்துப் பயப்படாதேங்கோ. கண்ணாடியில் விழுந்ததை 400 மடங்கில் பார்த்தால் எடுலிஸின் ஸ்போர் 14 முதல் 17 மைக்ரான் நீளம், ஐந்து மைக்ரான் அளவு அகலம், இரு முனையும் ஒடுங்கி நீண்டிருக்கும். சுயிலஸ் கிரானுலேட்டஸின் ஸ்போர் பத்து மைக்ரானைத் தாண்டாது. இந்த இரண்டையும் பிரிக்க இதைவிட நிச்சயமான வழி இல்லை.

ஊசியிலை பைனைப் பற்றி மட்டும் எழுதியிருக்கிறார். இஞ்ச கேப்பில் கதை வேறை. எங்களுக்கு மழை குளிர்காலத்தில், அதனால் காளான் ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஓகஸ்ட் வரை. உங்களுக்கு டிசம்பரிலிருந்து ஏப்ரல். இரண்டு இடத்துப் புத்தகக் குறிப்புகளையும் கலந்து படிச்சால் மாதம் பொருந்தாது. இஞ்ச ஓக்கின் கீழும் எடுலிஸ் வரும். பாப்ளரின் கீழ் லெக்சினம் டூரியஸ்குலம் வரும்: தண்டில் வலை இல்லை, கறுத்த செதில் செதிலாக இருக்கும், வெட்டினால் சதை முதலில் ரோஸ், பிறகு சாம்பல் கலந்த கறுப்பு. அதையும் நல்லா அவிச்சுத்தான் சாப்பிட வேணும்.

ஓக் எண்டதும் ஒரு எச்சரிக்கை. ஓக்கோடு சேர்ந்து இந்த நாட்டுக்கு வந்தது அமனிட்டா ஃபல்லோய்டிஸ் எண்ட கொடிய விஷமுள்ள இதழ்க் காளானும்தான். துளை இருக்கிற காளானை அதோடு குழப்ப வழியில்லை எண்டு நினைப்பீங்கள். குழப்பம் வாறது பட்டன் பருவத்தில். மண்ணுக்குள் முட்டையாக இருக்கும்போது எதுவும் எதுவாகவும் தெரியும். கூடையில் போட முன்னம் ஒவ்வொரு பட்டனையும் நெடுக வெட்டிப் பாருங்கோ. போலீட் எண்டால் குடைக்கும் தண்டுக்கும் இடையில் துளைப்பகுதி ஒரு வெளிர்ப்பட்டையாகத் தெரியும். அமனிட்டா எண்டால் வெளியில் ஒரு உறை, உள்ளே இதழோடு ஒரு முழுக் காளானின் கோட்டுருவம். கத்தியால் தரைமட்டத்தில் வெட்டி எடுக்கிற பழக்கம் ஆபத்து, தண்டின் அடியில் இருக்கிற பை மண்ணிலேயே தங்கிவிடும். அடையாளம் காணும்வரை முழுசாகக் கிளப்பி எடுங்கோ.

ஃபல்லோய்டிஸின் விஷம் சமைச்சாலும் காய வைச்சாலும் போகாது. சாப்பிட்டு 6 மணித்தியாலத்துக்குப் பிறகுதான், சில நேரம் 12 தாண்டியும், வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கும். அடுத்த நாள் சுகமாகின மாதிரி இருக்கும், அதற்குள் ஈரல் பழுதாகத் தொடங்கியிருக்கும். எந்தக் காளான் சாப்பிட்டு ஆறு மணித்தியாலம் கழிச்சு வயிறு குழம்பினாலும் வீட்டு வைத்தியம் பார்க்காமல், மிச்சமிருக்கிற காளானையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேணும். வெள்ளிக்காசு கறுக்குதா, உள்ளி நிறம் மாறுதா எண்ட சோதனை ஒண்டும் வேலை செய்யாது. நத்தை தின்றிருக்குது, அதனால் நல்லது எண்டதும் பொய். நத்தை ஃபல்லோய்டிஸையும் தின்னும்.


மரிட்ஸ்பர்க் மணி

மூவருக்கும் நன்றி. சரிபார்த்தேன். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்ததும் அ-வின் தண்டில் வலை தெரிந்தது: வெள்ளைக் கண்ணிகள், மேலிருந்து 4 செ.மீ. வரை, கீழே மறைந்துவிடுகிறது. தோல் உரியவில்லை. பிரிண்ட் ஒலிவ் பழுப்பு. நாக்கில் கசப்பு இல்லை. ஆ-வின் பட்டனில் சவ்வு இல்லை, தோல் நடுவரை ஒரே இழுப்பில் வந்துவிட்டது, விரலில் கறை. ஊசி மூன்று, தொங்கல், மேல்மரம் ஆரஞ்சு: பாட்டுலாதான். அ எல்லாம் உள்வரிசைகளில், ஆ முழுக்க லாரிப் பாதை ஓரம்.

இன்னும் மூன்று. ஒன்று, இளசான அ மூன்று கிலோ போல இருக்கிறது, டர்பனில் இருக்கும் வீட்டுக்கு எடுத்துப் போய்க் காயவைக்க வேண்டும். இரண்டு, ஆ சாப்பிட ஏற்றதா? மூன்று, அடுத்த ஆண்டு அந்தத் தோட்டத்தில் ஒரு பகுதியை வெட்டப்போவதாகச் சொன்னார்கள். அதே இடத்தில் மறுபடி வருமா?


சாட்ஸ்வர்த் சரோஜா

தம்பி, டர்பனுக்குக் கொண்டு வந்து காயவைக்கலாம் என்று நினைக்காதீங்க. கடலோரத்து மார்ச் மாத ஈரக்காற்றில் வெயிலில் பரப்பினால் காயாது, இரண்டாம் நாள் பூசணம் பிடிக்கும். மரிட்ஸ்பர்க்கிலேயே, எடுத்த அன்றைக்கே நறுக்கி டீஹைட்ரேட்டரில் போடுங்க. பிளாஸ்டிக் பையில் காரில் மூன்று மணிநேரம் கிடந்தாலே வியர்த்துப்போய்ச் சதை கறுத்துவிடும். கூடை அல்லது காகிதப் பைதான்.

கழுவக் கூடாது, துளைப்பகுதி தண்ணீரை உறிஞ்சிக்கும். பிரஷ்ஷால் தட்டி, தண்டின் அடியைச் சீவி, நெடுக இரண்டாக வெட்டிப் புழு பாருங்க. புழு தண்டின் அடியிலிருந்து மேலே ஏறும், அதனால் தண்டை வெட்டி எறிந்துவிட்டுக் குடையைக் காப்பாற்றலாம். துளை பச்சையாகிவிட்ட முற்றலில் அந்தப் பகுதியைக் கட்டைவிரலால் நெட்டித் தள்ளினால் தனியாக வந்துவிடும், அதைப் போட்டுவிடுங்க, காய்ந்தால் வழவழப்பும் கசப்பும்தான் மிஞ்சும். ஒன்றை மட்டும் கவனமாகப் பாருங்க. சில காளானில் துளைமேல் வெள்ளைப் பூசணம் படர்ந்து, பிறகு பொன் மஞ்சளாகிப் பொடியாக உதிரும். அது ஹைப்போமைசஸ் என்ற வேறொரு பூஞ்சை, துளைக் காளானைத் தின்பதே அதன் வேலை. வெள்ளையாக இருக்கும்போதே முழுக்காளானையும் தள்ளிவிடணும், வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைச் சமைக்கிற வேலை வேண்டாம்.

நறுக்கும் தடிமன் 4 முதல் 5 மி.மீ. அதைவிட மெலிசானால் தட்டில் ஒட்டிக்கும், தடித்தால் நடுவில் ஈரம் தங்கும். சூடு 45 டிகிரி, எட்டிலிருந்து பத்து மணிநேரம். சீக்கிரம் ஆகட்டும் என்று 60, 70-க்கு ஏற்றினால் மேல் இறுகி உள் ஈரம் அடைபட்டுக்கும், நிறமும் போகும். ஒரு துண்டை எடுத்து வளைத்தால் வளையக் கூடாது, சட்டென்று ஒடியணும். மூன்று கிலோவுக்கு 300 கிராம் கிடைக்கும், அவ்வளவுதான். ஆறவிட்டு, பாட்டிலில் போட்டு, மூன்று நாள் ஃப்ரீசரில் வைத்துவிட்டு வெளியே எடுங்க, பூச்சி முட்டை எதாவது இருந்தால் செத்துப்போகும். பிறகு டர்பனுக்கு எடுத்துப் போகலாம். அங்கே பாட்டில் மூடி இறுக்கமாக இல்லையென்றால் ஒரு வாரத்தில் தொய்ந்துவிடும்.

சமைக்க 20 கிராம் போதும், நாலு பேருக்குக் காணும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரை மணி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைத் துணியில் வடிகட்டி மண்ணை நீக்கிவிட்டுக் குழம்பில் ஊற்றுங்க, வாசமெல்லாம் அதில்தான். நம் வீட்டு மசாலாவை வழக்கமான அளவில் போட்டால் எடுலிஸ் என்று ஒன்று இருந்ததே தெரியாது. வெங்காயம், கறிவேப்பிலை, பச்சை மிளகாய் ஒன்று, கடைசியில் மிளகு. தக்காளி வேண்டாம். அமக்கோவே கறி வைக்கிற பக்குவம் இதற்கு ஆகாது. அது கறையான் புற்றுக் காளான், சதை நார் நாரா இருக்கும், மசாலாவைத் தாங்கும்.

ஆ சாப்பிடலாம், ஆனால் வேலை அதிகம், ருசி குறைவு. பசைத்தோலை உரிக்காமல் தின்றால் வயிற்றோட்டம் வரும், சிலருக்கு உரித்தாலும் வரும். எடுத்த அன்றைக்கே தோலையும் துளையையும் நீக்கி, பதினைந்து நிமிடமாவது நன்றாக வதக்கணும். எதுவானாலும் முதல் தடவை இரண்டு மூன்று துண்டுக்கு மேல் வேண்டாம், சமைக்காத ஒரு முழுக்காளானை ஃப்ரிட்ஜில் எடுத்து வைங்க. குழந்தைகளுக்கு வேண்டாம்.


துளைநோக்கி

சரோஜா அக்கா சொன்னதில் ஒன்றைச் சேர்க்கிறேன். எடுலிஸ் மண்ணில் உள்ள பாதரசத்தையும் செலினியத்தையும் இழுத்துச் சேர்த்து வைக்கும், அதிலும் துளைப்பகுதியில் அதிகம். தோட்டம் நடுவில் என்றால் கவலை குறைவு. பெருஞ்சாலை ஓரம், பழைய தொழிற்சாலை, குப்பைமேடு பக்கம் எடுக்காதீர்கள். கேட்டோ ரிட்ஜ் பக்கத்துப் பாதரச மாசைப் பற்றி குவாசுலு-நடாலில் இருப்பவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. கார்க்லூஃப் அதற்கு வெகுதூரம். ஆனால் காளான் இருக்கிறது என்பதற்காக எங்கே வேண்டுமானாலும் கூடையை இறக்க வேண்டாம்.

தோட்டக்காரரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: அந்த பிளாக்கில் கடைசியாகக் களைக்கொல்லி எப்போது அடித்தார்கள். புதிதாக நட்ட பிளாக்கில் முதல் இரண்டு வருடம் அடிப்பது வழக்கம். ஆ கிடைக்கும் பாதையோரமும் அதில் சேரும். அதனாலேயே ஆ-வை விட்டுவிடச் சொல்வேன், ருசிக்கும் இந்தச் சிரமத்துக்கும் கட்டுபடியாகாது.


ஊசியிலை (சேபி)

மூணாவது கேள்வி பாக்கி இருக்கு. எந்த வெட்டுன்னு கேட்டுக்கோங்க. கலைச்சு வெட்டுறதுன்னா, அதாவது இடையில சில மரத்தை மட்டும் எடுக்கிறதுன்னா, வேர் உயிரோட இருக்கும், காளானும் வரும். முதல் வருஷம் குறையலாம், ஏன்னா வெளிச்சம் பட்டு மேல்சருகு காயும், லாரி ஏறி மண்ணு இறுகும். முழுசா வெட்டுறதுன்னா அவ்வளவுதான். மரம் போனா சர்க்கரை நின்னுரும், பூஞ்சைக்கு வாழ வழியில்லை. அடிமரம் மண்ணுல இருக்கேன்னு நம்பாதீங்க, இது செத்த மரத்தைத் தின்னுற வகை கிடையாது. வெட்டின கிளையை அங்கேயே போட்டு எரிச்சாங்கன்னா மேல்மண்ணுல இருக்கிறதும் போயிரும். மறுபடி நட்ட கன்னுல முதல்ல வர்றது சுயிலஸ், எடுலிஸுக்கு நீங்க நிறைய வருஷம் காத்திருக்கணும். காகிதக் கூழ்மரத்துக்கு வளர்க்கிற பிளாக்குன்னா இருபது வருஷத்துக்குள்ளேயே வெட்டிருவாங்க, அறுப்பு மரத்துக்குன்னா இருபத்தஞ்சு முப்பது வரை போகும். அதனால உங்களுக்கு லாபம் அறுப்பு மரத்து பிளாக்தான்.

வீட்டுத் தோட்டத்துல வளர்க்கலாமான்னு யாராவது கேட்கிறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன்: எடுலிஸைச் சிப்பிக்காளான் மாதிரி வைக்கோல்ல வளர்க்க முடியாது, உயிருள்ள மரவேர் வேணும்.

ஒவ்வொரு பிளாக்குக்கும் எந்த வருஷம் நட்டது, என்ன இனம், எப்ப வெட்டுன்னு தோட்டத்து ஆபீஸ்ல வரைபடம் வெச்சிருப்பாங்க. கேட்டா காட்டுவாங்க. அதுல பாட்டுலா, பன்னிரண்டு வயசுக்கு மேல, தெற்குச் சரிவு, இந்த மூணும் சேர்ந்த பிளாக்கை முதல்ல குறிச்சு வெச்சுக்கோங்க. தெற்குச் சரிவுல வெயில் கம்மி, சருகு காயாது. 25, 30 மி.மீ. மழை சேர்ந்து ஒரு வாரத்துல இருந்து ரெண்டு வாரத்துக்குள்ள போங்க. மரம் ஏற்றுற நாள்ல மட்டும் வேண்டாம், வெட்டு நடக்கிற பிளாக்குக்குப் பக்கத்துல யாரையும் விடமாட்டாங்க.